கம்பி அறுந்தது, கட்டு அறுந்ததா?

எமது ஊர்ச் சனசமூக நிலையத்தின் நிர்வாகசபைக் கூட்டத்திலே சென்ற மாதம் ஒரு பிரேரணை முன்வைக்கப்பட்டது. வாசிகசாலை மண்டபத்திலுள்ள கேபிள் தொலைக்காட்சி இணைப்பைத் துண்டித்துவிட்டு, அதனிடத்தில் இணையத்தின் வழியே படங்களைத் தருவிக்கும் சிறு பெட்டி ஒன்றைப் பொருத்துதல் வேண்டும். அதற்குரிய இணையக் கட்டணத்தையும் மாதச் சந்தாவையும் ஈடுசெய்யும்பொருட்டு, வாசிகசாலைக்கு வரும் நாளிதழ்கள் மூன்றில் இரண்டையும் மாத சஞ்சிகைகள் யாவற்றையும் நிறுத்திவிடுதல் வேண்டும் என்பதே அப்பிரேரணை. பெட்டியைக் கனடாவில் வாழும் ஊரன்பர் ஒருவர் இலவசமாக அனுப்ப இசைந்துள்ளாராம். கூட்டத்திலே முடிவு எட்டப்படவில்லை. விடயம் அடுத்துவரும் பொதுக்கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கின்றது.

பிரேரணையைக் கொண்டுவந்தோர் இளைஞர். அவருட் சிலர் எம்மிடம் தமிழ் பயின்றோர். ஊரின்மீது பற்றும் உழைப்பும் உடைய அவர்களை எள்ளி நகையாடுதல் எமது நோக்கமன்று. ஆயினும், அன்று அவர்கள் பேசிய பேச்சிலே 'விடுதலை' என்ற சொல் திரும்பத் திரும்ப ஒலித்தது. கேபிள்காரரின் பட்டியலிலிருந்து விடுதலை, ஒளிபரப்பு நேரசூசியிலிருந்து விடுதலை, முடிவில்லா நாடகத் தொடர்களிலிருந்து விடுதலை என்றார்கள். பெருமதிப்பு வாய்ந்த அச்சொல் ஒரு வணிகப் பண்டத்தின் மேலுறையில் ஒட்டப்படும்போது, அவ்வுறையைச் சற்றே உரித்துப் பார்ப்பது ஆசிரியத் தொழில் புரிவோரின் கடமை எனக் கருதுகின்றோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். கேபிளுக்காக வழக்குரைக்க நாம் முன்வரவில்லை. கேபிள் எமது ஊருக்கு வந்த நாள் முதலாக அது செய்தது யாது? மாமியும் மருமகளும் ஒருவருக்கொருவர் குழிபறிக்கும் கதைகளை, மாணவர் பாடம் படிக்கும் மாலை வேளையிலேயே வீடுதோறும் கொண்டுவந்து கொட்டியது. நூறு அலைவரிசைகளுக்குப் பணம் கட்டி ஐந்தினைப் பார்த்தோம். 1950களிலும் 1960களிலும் தென்னிந்திய வணிக ஏடுகளின் பெருக்கத்தை எதிர்த்து ஈழத்து முற்போக்கு எழுத்தாளர் குரல் எழுப்பினர். அன்று கட்டுக் கட்டாகக் கடல் கடந்து வந்த அதே சரக்குத்தான் பின்னாளிற் கம்பி வழியே வந்தது. அக்கம்பி அறுவதற்காகக் கண்ணீர் சிந்த எம்மிடம் நியாயம் ஏதுமில்லை. அன்றியும், இரவு வேலை முடித்து வரும் தாதிக்கும், கடலிலிருந்து மீளும் மீனவருக்கும், தத்தமக்கு வாய்த்த நேரத்திலே விரும்பியதைப் பார்க்கும் வசதி நல்லதொரு வசதியே. கருவியோடு எமக்குப் பகையில்லை. அக்கருவி எவர் கையிலிருந்து எவ்வகை ஒப்பந்தத்தோடு வருகின்றது என்பதே எமது வினா.

இதனை விளங்கிக்கொள்வதற்கு, கேபிளும் பெட்டியும் ஒருங்கே வளர்ந்த ஐக்கிய அமெரிக்காவின் அனுபவத்தை நோக்குதல் தகும். 1948ஆம் ஆண்டளவிலே, பென்சில்வேனியா, ஒரிகன் முதலிய மாநிலங்களின் மலைப்பாங்கான சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி அலைகள் எட்டவில்லை. உயரமான இடத்திலே பொது அன்ரெனா ஒன்றை நாட்டி, அங்கிருந்து வீடுகளுக்குக் கம்பி இழுத்தார்கள். 'சமூக அன்ரெனாத் தொலைக்காட்சி' என்பதே கேபிளின் ஆதிப் பெயர். ஊரார் பலருக்குப் பொதுவான ஓர் ஏற்பாடாகவே அது தோன்றிற்று. 1972இல் எச்.பி.ஓ. என்னும் கட்டண அலைவரிசை தோன்றி, 1975இல் செய்மதி வழியே நாடெங்கும் பரவத் தொடங்கியது. அதன்பின் மூலதனம் வெள்ளமெனப் பாய்ந்தது. வேண்டியதையும் வேண்டாததையும் ஒன்றாகப் பிணைத்து, முழுக்கட்டையும் வாங்கினாலன்றி எதுவுமில்லை என விற்கும் முறை நிலைபெற்றது. மக்கள் வெறுப்புற்றனர்.

அவ்வெறுப்பின்மீதே புதிய வணிகம் தனது கடையைத் திறந்தது. தபால்மூலம் படத்தட்டுகளை வாடகைக்கு அனுப்பிவந்த நெட்பிளிக்ஸ், 2007இல் இணையவழியே படங்காட்டத் தொடங்கிற்று. அதனைத் தொலைக்காட்சித் திரைக்குக் கொண்டுவரும் சிறு பெட்டியை ரோக்குக் கொம்பனி 2008இல் நூறு டொலருக்குச் சற்றுக் குறைந்த விலையில் விற்றது. 2013இல் கூகிள் 35 டொலருக்கு விரலளவான கருவி ஒன்றை வெளியிட்டது. 'கம்பியறுத்தல்' என்றே அப்போக்குக்குப் பெயர் வழங்கிற்று. 2022ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே, அந்நாட்டு மக்கள் தொலைக்காட்சி முன் செலவிடும் நேரத்தில் இணையவழிச் சேவைகளின் பங்கு கேபிளின் பங்கினை முதன்முறையாக விஞ்சியதென நீல்சன் நிறுவனத்தின் கணிப்பு அறிவித்தது.

வென்றவர் யாவர்? நெட்பிளிக்சின் இணையச் சந்தா 2010இல் மாதம் 7.99 டொலர். விளம்பரமற்ற அதன் சாதாரணத் திட்டம் 2025 ஜனவரியில் 17.99 டொலர் ஆயிற்று. விளம்பரம் இல்லையென்பதே இச்சேவையின் பெருமையாகப் பேசப்பட்டது; 2022 நவம்பரிலே விளம்பரத்தோடு கூடிய மலிவுத் திட்டத்தை அதே நிறுவனம் அறிமுகஞ் செய்தது. அமேசன் இன்னும் ஒருபடி மேலே சென்றது. 2024 ஜனவரி இறுதியில், ஏற்கெனவே பணங்கட்டியிருந்தோரின் படங்களுக்கிடையே விளம்பரத்தைப் புகுத்திவிட்டு, அதனை நீக்குவதற்கு மேலும் 2.99 டொலர் தருமாறு கேட்டது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தத்தம் படங்களைத் தத்தம் சேவைக்குள் அடைத்துக்கொண்டமையால், ஒன்றுக்குப் பதில் நான்கு சந்தாக்கள் தேவையாயின. இறுதியில் நிகழ்ந்ததே நகைப்புக்கிடமானது. 2024 மே மாதத்தில், நெட்பிளிக்ஸ், பீகொக், அப்பிள் ஆகிய மூன்றின் சேவைகளையும் ஒரே கட்டாகக் கட்டி மாதம் 15 டொலருக்கு விற்க முன்வந்தது கொம்காஸ்ட். அது யாரெனில், அமெரிக்காவின் மாபெரும் கேபிள் கொம்பனிகளுள் ஒன்று! எந்தக் கட்டினை வெறுத்து மக்கள் கம்பியை அறுத்தார்களோ, அந்தக் கட்டே, அதே கடையிலே, புதிய கயிற்றினால் கட்டப்பட்டு மீண்டும் விற்பனைக்கு வந்துவிட்டது.

'பெட்டியின் விலை குறைவுதானே' என்பர் நண்பர். குறைவாயிருப்பது ஏன் என்று வினவ வேண்டாமோ? ரோக்குவின் வருமானத்திற் பெரும்பங்கு பெட்டி விற்பதால் வருவதன்று. பெட்டியின் முகப்பிற் காட்டும் விளம்பரங்களாலும் சந்தாக்களிற் பெறும் பங்கினாலும் வருவது. இன்னுமோர் உதாரணம் காட்டுவோம். தொலைக்காட்சி உற்பத்தி செய்யும் விசியோ என்னும் நிறுவனம், தான் விற்ற ஒரு கோடியே பத்து இலட்சம் தொலைக்காட்சிகளின் மூலம், மக்கள் எதனைப் பார்க்கின்றார்கள் என்பதை அவர்தம் இசைவின்றியே திரட்டிவந்தது அம்பலமாயிற்று. 2017இல் 22 இலட்சம் டொலர் செலுத்தி அது அவ்வழக்கைத் தீர்த்துக்கொண்டது. 2024 இறுதியில் அதே விசியோவை வோல்மார்ட் என்னும் பெருங் கடைநிறுவனம் 230 கோடி டொலருக்கு வாங்கிற்று. சோப்பும் அரிசியும் விற்கும் கடைக்குத் தொலைக்காட்சி எதற்கு? வீட்டுக்குள்ளிருந்து பார்ப்போரின் விருப்பு வெறுப்பு அதற்குத் தேவை. அதைக் கொண்டு விளம்பரம் விற்கலாம். முன்னர் நாம் படத்தைப் பார்த்தோம். இப்பொழுது படமும் எம்மைப் பார்க்கின்றது. பார்த்ததைக் கணக்கெழுதி விற்கவும் விற்கின்றது.

படைப்பாளியின் நிலையாயினும் உயர்ந்ததா எனில், அதுவுமில்லை. 2023 மே 2 தொடக்கம் 148 நாட்கள் ஹொலிவூட் எழுத்தாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர்; ஜூலை மாதத்தில் நடிகரும் அவர்களோடு சேர்ந்தனர். பழைய முறையில், ஒரு தொடர் மறு ஒளிபரப்பாகுந்தோறும் அதனை எழுதியவருக்கு ஒரு பங்கு கிடைத்தது. இணையச் சேவைகளோ, எத்தனை பேர் பார்த்தனர் என்ற எண்ணிக்கையை எழுதியவரிடமிருந்தே மறைத்துவைத்தன. பார்ப்போரின் தொகை பெருகும்போது தமக்கும் ஓரளவு கூடக் கிடைக்கவேண்டுமென்பது அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று. சங்கமாக ஒன்றுதிரண்டு நின்றதனாலேயே அதில் ஒரு பகுதியையேனும் வென்றார்கள். எமது ஊரிலே மின்கம்பங்களில் ஏறிக் கம்பி கட்டி வயிறு வளர்த்த கேபிள் தொழிலாளிக்கோ சங்கமுமில்லை, கோரிக்கையை முன்வைப்பதற்கு ஓர் அலுவலகமுமில்லை. அவன் வேலையிழப்பது எங்கள் கூட்டத்திலே ஒரு வார்த்தையாற்கூடக் குறிப்பிடப்படவில்லை என்பதையும் இங்கே பதிந்துவைக்கின்றோம்.

இனி எமது வாசிகசாலைக்கு வருவோம். வானலையிலோ கேபிளிலோ வரும் ஒளிபரப்பை ஒருவர் பார்த்தாலும் ஓராயிரவர் பார்த்தாலும் செலவு ஏறுவதில்லை. ஒரு மணி பார்த்தாலும் பத்து மணி பார்த்தாலும் கட்டணம் ஒன்றே. இணையவழியிலோ ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி ஓட்டம். ஒவ்வொரு நிமிடத்துக்கும் அளவை. நெட்பிளிக்ஸ் தானே தரும் கணக்கின்படி, தெளிவுமிக்க படம் மணிக்கு 3 ஜிகாபைட்வரை எடுக்கும். சாதாரணப் படம் 1 ஜிகாபைட்வரை எடுக்கும். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் பார்ப்பின், மாதத்துக்கு 180 ஜிகாபைட். தெளிவைக் குறைத்துக்கொண்டாலும் 60. ஆகவே பெட்டிக்கு ஒரு விலை, இணையத்துக்கு ஒரு விலை, சந்தாவுக்கு ஒரு விலை என மூன்று விலைகள் உள. சந்தாவோ பெரும்பாலும் டொலரைப் பின்தொடர்வது. 2022இலே ரூபாயின் பெறுமதி சரிந்தபோது டொலர்க் கணக்கில் வாங்கிய ஒவ்வொன்றும் எங்கே போய் நின்றதென்பதை இத்தனை விரைவிலா மறந்துவிட்டோம்?

பணத்தினும் பெரிய விடயம் ஒன்றுண்டு. இச்சேவைகளின் ஒப்பந்தத்தை வாசித்தோர் எம்மவரில் எத்தனை பேர்? நெட்பிளிக்சின் நிபந்தனை, அதனைத் தனிப்பட்ட, வணிகநோக்கற்ற பாவனைக்கு மட்டுமே தருவதாகவும், ஒரே வீட்டார்க்கு அப்பால் எவரோடும் பகிரலாகாது எனவும் கூறுகின்றது. கடவுச்சொல்லைப் பகிர்வதே அன்பு என 2017இல் விளம்பரமொழி பேசிய அந்நிறுவனம், 2023 பெப்ரவரியில் கனடாவிலும் மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவிலும் அப்பகிர்வுக்குத் தடைபோட்டது. பிறிதொருவரைச் சேர்த்துக்கொள்வதாயின் மேலதிகப் பணம் கட்டவேண்டும். அவரும் அதே நாட்டில் வாழ்பவராயிருத்தல் வேண்டும்.

இதன் பொருளை யாழ்ப்பாணத்தவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரு தாயின் பிள்ளைகள் ஒருவர் ரொறன்ரோவிலும், ஒருவர் பாரிசிலும், ஒருவர் ஊரிலுமாகச் சிதறி வாழும் சமூகம் எமது சமூகம். அண்ணன் அனுப்பும் காசிலே தங்கை படிப்பதும், தம்பி கட்டிய வீட்டிலே தாய் வாழ்வதும் எமக்குக் குடும்பம் எனப்படும். அக்குடும்பத்தை அந்த ஒப்பந்தம் குடும்பமாக ஏற்பதில்லை. ஊரை ஏற்குமா? நாற்பது பேர் பாயிலும் வாங்கிலும் அமர்ந்து ஒரு படத்தைப் பார்த்து, முடிந்தபின் வேலியோரம் நின்று அதைப்பற்றி வாதாடும் வாசிகசாலைக்கு அவ்வொப்பந்தத்திலே இடமேயில்லை. எமது இளைஞர் வாங்க நினைப்பது ஊருக்கான ஒன்றையல்ல. வீட்டுக்கான ஒன்றை ஊரின் பணத்தில் வாங்க நினைக்கின்றார்கள். நிபந்தனையை மீறிக் களவாகக் காட்டலாம் எனச் சிலர் சொல்லக்கூடும். பொது நிலையமொன்று களவின்மீது தன் நிகழ்ச்சிகளை அமைத்துக்கொள்ளலாமா என்பதை அவர்களே சிந்திக்கட்டும்.

அன்றியும், இத்தனை விலைகொடுத்து எவற்றைப் பெறப்போகின்றோம்? ஆயிரக்கணக்கான படங்கள் என்கிறார்கள். உண்மை. ஆயின் அவ்வாயிரத்துள் எமது மண்ணின் வாழ்க்கை எத்தனை? 1962இல் 'சமுதாயம்' வெளிவந்தது தொடக்கம், 'குத்துவிளக்கு', 'பொன்மணி', 'வாடைக்காற்று' என இந்நாட்டுத் தமிழ்த் திரைப்படத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 'பொன்மணி'யை 1977இல் யாழ்ப்பாணத்து மண்ணிலே எடுத்தவர் தர்மசேன பத்திராஜ என்னும் சிங்களக் கலைஞர் என்பதும் எம் மாணவர் அறியவேண்டிய செய்தி. இவற்றைக் கேபிள் எமக்குக் காட்டியதில்லை. நண்பர் வீட்டுப் பெட்டியின் முகப்பிலே நாம் தேடியபோதும் இவை கண்ணிற் படவில்லை. நாம் எதனை விரும்புவோம் என்பதை எம்மைவிட நன்கறிந்ததாகப் பாவனை செய்யும் அம்முகப்பு, நேற்றுப் பார்த்ததைப் போன்றதையே இன்றும் நீட்டுகின்றது. தெரிவு செய்பவர் நாமே என்ற மயக்கம் மட்டும் எமக்கு எஞ்சுகின்றது.

இவற்றுக்காக நிறுத்தப்படவிருப்பவை எவை? நாளிதழும் சஞ்சிகையும். 'அவையும் இணையத்திலே கிடைக்கின்றனவே' என்பது எதிர்வாதம். கிடைக்கின்றன, மறுக்கவில்லை. ஆயின் படங்காட்டும் பெட்டியிலே பத்திரிகை படிப்போர் யார்? கைத்தொலைபேசியிலே தனித்தனியாகப் படிப்பதும், ஒரே தாளை இருபது பேர் மாறி மாறிப் படித்து ஒருவரோடொருவர் முரண்படுவதும் ஒன்றாகுமா? வேலைவாய்ப்பு விளம்பரத்தை வெட்டியெடுக்க வரும் பட்டதாரியும், மரண அறிவித்தலைத் தேடும் முதியவரும், தன் முதற்கவிதை அச்சாகியதா எனத் தயங்கித் தயங்கிப் பார்க்கும் பத்தாம் வகுப்பு மாணவியும் ஒரே மேசையிற் சந்திக்கும் இடம் எமது ஊரிலே வேறில்லை. 1990களில், மின்சாரமே இல்லாத குடாநாட்டிலே, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறையின் பிள்ளைகள் நாம். அன்று ஒருவர் சுழற்றப் பலர் கேட்டனர். வறுமையை நாம் போற்றவில்லை. ஆயினும் செய்தியைப் பொதுப்பொருளாகக் கொண்ட அப்பண்பு கைவிடத் தக்கதன்று.

இங்கே ஒருபக்கமாகப் பேசிவிடக்கூடாது. 2022இன் நெருக்கடியிலே அச்சுத்தாள் தட்டுப்பாட்டினால் சில பத்திரிகைகள் தம் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தநேர்ந்தது உண்மை. அதே ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு நிலவியதும், ஏப்ரல் 3ஆம் நாள் அரசாங்கம் யூரியூப் உள்ளிட்ட தளங்களை நாடெங்கும் முடக்கியதும் உண்மையே. எவ்வழியும் முற்றாகப் பாதுகாப்பானதன்று. அதனாலேயே எல்லாவற்றையும் ஒரே வழியில் ஒப்படைத்தல் அறிவுடைமையன்று என்கின்றோம். பெருந்தொற்றுக் காலத்திலே பாடசாலைகள் மூடப்பட்டபோது, இணையவகுப்புக்காக மலைக்கிராமத்து மாணவர் சமிக்ஞை தேடிக் குன்றேறிய காட்சியை நாடே கண்டது. அவ்வேளை அரச தொலைக்காட்சியின் நேத்ரா அலைவரிசை தமிழ்மொழிப் பாடங்களை வானலையில் ஒளிபரப்பியது. குறைகள் பல இருந்தன. எனினும், அன்ரெனாவும் ஒரு பழைய தொலைக்காட்சியும் உள்ள எந்த வீட்டுக்கும் அவை அளவையின்றி, சந்தாவின்றி வந்துசேர்ந்தன. பொது ஒளிபரப்பு என்பதன் பொருள் அது.

ஆகவே நாம் சொல்வது யாது? கேபிளைத் துண்டிக்கத்தான் வேண்டுமெனில் துண்டியுங்கள்; அதனால் மிஞ்சும் பணம் நிலையத்துக்கு உதவும். பெட்டி இலவசமாக வருமெனில் வரட்டும். இலவசமாகவும் முறையாகவும் கிடைக்கும் பாடங்களையும் விவரணப் படங்களையும் அதிற் காட்டலாம். ஆயின் சந்தா வேண்டாம். நாளிதழிலும் சஞ்சிகையிலும் கைவைக்க வேண்டாம். மாதம் ஒருமுறை, எடுத்தவர்களின் அனுமதி பெற்று, எம் நாட்டுத் தமிழ், சிங்களக் கலைஞரின் படம் ஒன்றை மண்டபத்திலே காட்டுவோம். 2015 முதல் யாழ்ப்பாணத்திலே சர்வதேசத் திரைப்பட விழா நடைபெற்றுவருகின்றது. அதனோடு தொடர்புடையோரை அழைத்துக் கேட்டால் வழி பிறக்கும். இறுதியாக, பொது ஒளிபரப்பிலே எமது பிரதேசங்களின் வாழ்வுக்கும் மொழிக்கும் உரிய இடத்தைக் கோரி ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் குரல் எழுப்புதல் வேண்டும். வரி கட்டும் மக்களின் உடைமை அது. அதனைக் கைவிட்டுவிட்டுத் தனித்தனியே சந்தா கட்டிக்கொள்வது, ஊர்க்கிணற்றைத் தூர்த்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தல் வாங்குவதற்கு ஒப்பாகும்.

இளைஞர்களே, நீங்கள் வேண்டுவது விடுதலை எனில் நாமும் உங்கள் பக்கமே. எந்தப் படத்தைப் பார்ப்பது என வாடிக்கையாளன் தெரிந்துகொள்ளலாம்; எத்தகைய படம் எடுக்கப்படவேண்டும், அது எவரைச் சேரவேண்டும், எடுத்தவனுக்கு என்ன கூலி என்பவற்றில் அவனுக்கு வாக்கில்லை. உங்களுக்கோ ஒரு வாக்கு உண்டு. அடுத்த பொதுக்கூட்டத்திலே கை உயர்த்துமுன், வாசிகசாலை மேசையிலே கிடக்கும் சஞ்சிகைகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அவற்றின் ஓரங்களிலே பென்சிலாற் கோடிட்டுக் குறிப்பெழுதியவர்கள் உங்கள் ஊரவர்கள். அக்கையெழுத்துக்களுட் சில உங்களுடையவை என்பதை உங்கள் ஆசிரியராகிய நாம் அறிவோம்.